நம்ம விக்கெட் விழுந்தால் நமக்கெதுக்கு விசில்?

ஐபிஎல் கிரிக்கெட்டில் ஜடேஜா சென்னை அணிக்கு ஆடிய காலத்தில் ஒரு விநோதம் நடக்கும். ஜடேஜா அவுட் ஆகித் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்புவார். மஞ்சள் சட்டைக் கூட்டம் துள்ளிக் குதிக்கும். அடுத்து இறங்குவது 'தல' தோனி, அவ்வளவுதான் காரணம். நான் முன்னால் இறங்கினால் எப்போது அவுட் ஆவேன் என்றுதான் காத்திருப்பார்கள் என்று 2023-ல் ஜடேஜாவே சிரித்துக்கொண்டு சொன்னார். அவர் சிரித்தார், சரி. நமக்குக் கொஞ்சம் உறுத்தியிருக்க வேண்டாமா?

2025 மார்ச் 28, சேப்பாக்கம். பெங்களூருவுக்கு (ஆர்சிபி) எதிராக 197 ரன் எடுக்க வேண்டும். விக்கெட்டுகள் சரிந்துகொண்டே இருக்க, தோனி இறங்கியது ஒன்பதாவது ஆளாக, அஸ்வினுக்கும் பின்னால். 16 பந்தில் 30 அடித்தார். கடைசி ஓவர் சிக்ஸர்களுக்குக் காது கிழிந்தது. ஆனால் ஆட்டம் அதற்கு முன்பே கைவிட்டுப் போயிருந்தது. 50 ரன்னில் தோல்வி. 2008-க்குப் பிறகு பெங்களூரு சேப்பாக்கத்தில் சென்னையை ஜெயித்தது அன்றுதான். அன்று இரவு முகநூலைத் திறந்தால் அந்த சிக்ஸர்கள் மட்டும்தான் ஓடுகின்றன!

தோனியின் முழங்கால் முன்பு மாதிரி இல்லை, பத்து ஓவர் நின்று ஓடி ஆட முடியாது என்று அடுத்த ஆட்டத்துக்குப் பின் பயிற்சியாளர் ஃபிளெமிங்கே சொல்லிவிட்டார். அப்படியானால் பதினொரு பேரில் ஓர் இடத்தை எதற்காக வைத்திருக்கிறோம் என்று கேட்டால், வரும் பதில் "நீ ஆர்சிபியா?"

இதே மைதானம்தான் 1999-ல், சச்சின் முதுகுவலியோடு 136 அடித்தும் 12 ரன்னில் தோற்ற டெஸ்டில், பாகிஸ்தான் அணிக்கு எழுந்து நின்று கைதட்டியது. அந்தக் கூட்டத்துக்கு யார் ஜெயித்தார்கள் என்பதைவிட எப்படி ஆடினார்கள் என்பது முக்கியமாக இருந்தது. இப்போது ஹீரோ என்ட்ரிக்குக் காத்திருக்கும் முதல் நாள் முதல் ஷோ ஆகிவிட்டது.

விசுவாசமே தப்பு என்று சொல்லவில்லை. 2018-ல் காவிரிப் போராட்டத்தால் ஆட்டங்கள் புனேவுக்குப் போனபோது, தனி ரயில் ஏறிப் பின்னாலேயே போனார்களே, அவர்களை எனக்குப் பிடிக்கும். ஆனால் சூதாட்ட விவகாரத்தில் அணிக்கு இரண்டு வருடத் தடை வந்ததை, 2018 கோப்பை கையில் வந்ததும் நாம் எவ்வளவு சுலபமாக மறந்தோம்? அப்போதும் கேட்டவன்தான் துரோகி.

2025-ல் முதல்முறையாகப் பட்டியலில் கடைசி இடம். கொல்கத்தாவுக்கு எதிராக சேப்பாக்கத்திலேயே 103 ரன்தான். முதல் ஆறு ஓவர் பவர்பிளேயில் ஏன் அடிக்காமல் கட்டை போட்டார்கள், ஏலத்தில் என்ன நினைத்து ஆள் எடுத்தார்கள் என்று ஆயிரம் கேள்வி இருந்தது. சீசன் முழுக்க நம் ஆட்கள் கேட்டது ஒன்றே ஒன்று: "தல அடுத்த வருஷமும் ஆடுவாருல்ல?"