அந்தக் குட்டி ‘வரை’

‘70% வரை தள்ளுபடி’ என்று துணிக்கடை வாசலில் ஆளுயரத்துக்கு எழுதியிருக்கிறார்கள். அந்த ‘வரை’ மட்டும் எறும்பு அளவுக்கு. இரண்டு பஸ் மாறி, வெயிலில் அலைந்து போனால், 70% எல்லாம் மூலையில் கிடக்கும் சாயம் போன நாலு சட்டைகளுக்குத்தான். அதிலும் என் அளவு கிடையாது.

அப்புறம் இந்த 50% போக இன்னொரு 20%. கூட்டினால் 70 என்று நினைத்து எடுத்துவிடுகிறோம். மீதிப் பாதியில்தான் அந்த 20% கழிகிறது. மொத்தம் 60% தான்.

பில் போட முக்கால் மணி நேரம் நின்ற பிறகு, “இதுக்கு ஆஃபர் இல்லைங்க” என்கிறார்கள். சரி, அதை அலமாரியிலேயே எழுதி ஒட்டினால் என்ன? காசை எண்ணி எண்ணிச் செலவு செய்கிறவர்கள்தான் இங்கே வருகிறோம். எங்களை இப்படி அலைக்கழிக்கலாமா?