எஸ்ஓஎஸ் பட்டனுக்குச் சந்தா வேண்டாம்

'காரின் கனெக்டட் சேவைக்குச் சந்தா கட்டாவிட்டால், விபத்து நடந்தாலும் எஸ்ஓஎஸ் (அவசர உதவி) பட்டன் வேலை செய்யாது' என்று ஐரோப்பாவில் இருக்கும் நம்மவர்களின் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

2018 மார்ச் 31 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒப்புதல் பெறும் புதிய கார் மாடல்களில் 'இ-கால்' என்ற அவசர அழைப்பு வசதி கட்டாயம்; ஏர்பேக் விரியும் அளவு மோதினால் அதுவே 112 என்ற அவசர உதவி எண்ணை அழைத்து, கார் நிற்கும் இடத்தையும் அனுப்பிவிடும், பட்டனை நாமே அழுத்தினாலும் சரி, இதற்குக் காசே கிடையாது. சந்தா என்பது திருட்டுக் கண்காணிப்பு, செயலியில் கதவு திறப்பது போன்ற தயாரிப்பாளரின் தனிச் சேவைகளுக்கு (அது வேண்டுமா என்பது உங்கள் பாடு). பழைய மாடல் என்றால் இ-கால் இருக்கிறதா என்று கையேட்டைப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 'யுவர் யூரோப்' தளத்திலும் இ-கால் விவரம் இருக்கிறது. அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.