மாத்திரையை நிறுத்தச் சொல்வது யார்?

“இன்னும் எத்தனை நாளைக்கு மாத்திரையை நம்பிக்கொண்டிருப்பாய்? மனதைத் திடப்படுத்திக்கொண்டால் போதாதா?” பைபோலார் என்கிற இருமுனைப் பிறழ்வு, அதாவது மனம் ஒரு காலம் அளவுமீறி எழும்பி, இன்னொரு காலம் சோர்ந்து விழும் நோய், உள்ள யாரும் இந்தக் கேள்விக்குத் தப்பியிருக்க முடியாது. கேட்பவர்கள் பெரும்பாலும் நம்மீது அக்கறை உள்ளவர்கள் என்பதால் முகத்தில் அடித்தாற்போல் பதில் சொல்லவும் முடிவதில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக விளக்காமல் இங்கேயே எழுதிவிடுகிறேன். நான் மருத்துவன் அல்லன். இந்த நோய்க்கான மருந்துகளில் ஒன்றான லித்தியத்தைச் சாப்பிடும் நோயாளி.

லித்தியத்தின் கதையிலிருந்தே தொடங்கலாம். 1949இல் ஜான் கேட் என்ற ஆஸ்திரேலிய மனநல மருத்துவர், மேனியா எனப்படும் கட்டுக்கடங்காத மனஎழுச்சி நிலையில் இருந்த பத்துப் பேருக்கு லித்தியம் கொடுத்த அனுபவத்தைக் கட்டுரையாக வெளியிட்டார். முதல் நோயாளி ஐம்பது வயதைத் தாண்டியவர், ஆண்டுக்கணக்கில் ஓயாத கிளர்ச்சியில் இருந்தவர். சில மாதங்களில் தேறி வீட்டுக்குப் போனார், பழைய வேலையிலும் சேர்ந்தார். பிறகு மருந்தை விட்டார், நோய் திரும்பியது, மீண்டும் மருத்துவமனைக்கு வந்தார். மறுபடி லித்தியம் தொடங்கினார்கள். 1950இல் அதே லித்தியம் உடம்பில் நஞ்சாகி அவர் இறந்துபோனார். ரத்தத்தில் அதன் அளவைப் பார்த்து மருந்து கொடுக்கும் வழக்கம் அன்று இல்லை.

மருந்தை ஆதரிப்பவர்கள் இந்தக் கதையின் முதல் பாதியைச் சொல்வார்கள், எதிர்ப்பவர்கள் பின்பாதியை. எனக்கு இரண்டும் சேர்ந்தே வேண்டும். இந்த மருந்து வேலை செய்கிறது, நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும், கவனமில்லாமல் சாப்பிட்டால் ஆளையே கொல்லவும் கூடும். இதில் எதை மறைத்தாலும் அது நோயாளிக்குச் செய்கிற துரோகம்.

“சர்க்கரைக்கு வாழ்நாள் முழுவதும் மருந்து சாப்பிடுவதில்லையா, அதுபோலத்தான்” என்று எங்கள் தரப்பிலேயே பலர் பதில் சொல்வார்கள். அந்த ஒப்பீடு பாதி வழிதான் வரும். ரத்தத்தில் சர்க்கரை ஏறும்போது, ‘என் வாழ்நாளில் இவ்வளவு ஆரோக்கியமாக இருந்ததே இல்லை’ என்று அது யாரையும் நம்பவைப்பதில்லை. மேனியா அதைத்தான் செய்கிறது. தூக்கம் குறைகிறது, ஆனால் களைப்பில்லை. யோசனைகள் ஒன்றையொன்று முந்துகின்றன. பேச்சு வேகமெடுக்கிறது, கையிருப்பு கரைகிறது, எல்லாம் தெளிவாகிவிட்டதாகத் தோன்றுகிறது. ‘மாத்திரை எதற்கு?’ என்ற கேள்வி இந்த நேரத்தில் எழுந்தால் அதைக் கேட்பது நானா, என் நோயா என்று எனக்கே தெரியாது. முடிவெடுக்கிற மூளையையே பிடித்துக்கொள்ளும் நோய் இது. மனவலிமையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த இடத்தை எப்போதும் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

நன்றாக இருக்கும் காலத்தில் இதே கேள்வி வேறு வேடத்தில் வரும். நீண்ட நாளாக ஒன்றும் நடக்கவில்லை, குணமாகிவிட்டதுபோல் இருக்கிறது. ஒன்றும் நடக்காமல் வைத்திருப்பதே மருந்தாக இருக்கலாம் என்பது அப்போது உறைப்பதில்லை. லித்தியத்தைச் சட்டென்று நிறுத்தினால், படிப்படியாகக் குறைப்பதைவிட நோய் விரைவில் திரும்பும் ஆபத்து அதிகம். அப்படித் திரும்புவது பெரும்பாலும் முதல் சில மாதங்களுக்குள்ளேயே நடக்கிறது. தற்கொலை அபாயத்தைக் குறைக்கிறது என்பதற்கு மனநல மருந்துகளிலேயே மிக வலுவான சான்றுகள் உள்ளவற்றில் லித்தியமும் ஒன்று. அதைக் கைவிடும்போது அந்தப் பாதுகாப்பும் போகிறது. சாக வேண்டும் என்ற எண்ணம் ஏற்கெனவே தலைகாட்டுகிறது என்றால் மருந்து விவாதமெல்லாம் பிறகு. பக்கத்தில் இருப்பவரிடம் உடனே சொல்லுங்கள், அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

இனி மருத்துவர்களிடம் சொல்ல வேண்டியது. நோயாளி மருந்தை நிறுத்துவதற்கு அறியாமை மட்டுமே காரணம் என்று நினைக்காதீர்கள். கை நடுங்குகிறது, தண்ணீர் தாகம் தீர்வதில்லை, எடை ஏறுகிறது, எதையும் முன்புபோல் கூர்மையாக உணர முடிவதில்லை. இதையெல்லாம் சொன்னால் “பழகிவிடும்” என்று ஒரே சொல்லில் முடித்து அடுத்தவரை அழைக்கும் மருத்துவரை நானும் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு சொல் எத்தனை பேரை மருந்திலிருந்து விரட்டியிருக்கும்! டோஸைக் குறைக்கலாம், நேரத்தை மாற்றலாம், வேறு மருந்துக்குப் போகலாம். இதே நோய்க்குக் கொடுக்கப்படும் லாமோட்ரிஜின் பொதுவாக எடையை ஏற்றுவதில்லை, ஆனால் ஆபத்தான தோல் தடிப்பு வரக்கூடும் என்பதால் மெதுவாகத்தான் கூட்ட வேண்டும். இன்னொரு மருந்தான வால்ப்ரோயேட் கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கும் என்பதைக் கருத்தரிக்கும் வயதிலுள்ள பெண்ணுக்கு முதல் நாளே விளக்கியாக வேண்டும். இந்த உரையாடல் நடக்கிற இடத்தில் பலர் மருந்தோடு நிற்பார்கள்.

லித்தியம் சாப்பிடுபவர்களுக்கு இன்னொன்று. ரத்தத்தில் அதன் அளவு லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 1.5ஐத் தாண்டினால் நச்சு அறிகுறிகள் தொடங்கக்கூடும். நடுவில் எவ்வளவு குறுகிய இடைவெளி என்று பாருங்கள். தலைவலிக்கு நாமாக வாங்கி விழுங்கும் ஐபுப்ரோஃபன்கூட அந்த அளவை ஏற்றிவிடும். வாந்தி பேதியில் உடலின் நீர் வற்றினாலும், உப்பைத் திடீரென்று குறைத்தாலும், சில ரத்தக்கொதிப்பு மாத்திரைகள் சேர்ந்தாலும் ஏறும். சிறுநீரகம், தைராய்டு பரிசோதனைகளைத் தள்ளிப்போடாதீர்கள்.

அப்படியானால் மாத்திரை இல்லாத வழிகளே இல்லையா? இருக்கின்றன, எனக்கு அவற்றில் பெரிய நம்பிக்கையும் உண்டு. தூக்கம்தான் எல்லாவற்றிலும் முதலிடம். ஓர் இரவு முழுக்க விழித்திருப்பதே சிலருக்கு மேனியாவைக் கிளப்பிவிடும். எழும் நேரம், சாப்பிடும் நேரம், பிறரைச் சந்திக்கும் நேரம் இவற்றையெல்லாம் ஒழுங்குக்குக் கொண்டுவருவதையே மையமாகக் கொண்ட உளவியல் சிகிச்சை ஒன்று உண்டு. எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, குடும்பத்தையும் சேர்த்து உட்காரவைக்கும் சிகிச்சை ஆகியவையும் பயன் தருகின்றன. ஆனால் இவற்றை ஆராய்ந்தவர்கள் பெரும்பாலும் மருந்தோடு சேர்த்துத்தான் ஆராய்ந்தார்கள். மருந்துக்குப் பதிலாக இவை போதும் என்பதற்கு அந்த ஆய்வுகளைச் சாட்சிக்கு இழுப்பது நேர்மையல்ல. மருந்தில்லாமல் ஆண்டுக்கணக்கில் நிலையாக இருப்பவர்களும் இல்லாமல் இல்லை. அவர்கள் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. ஆனால் முழு மேனியா வரை போய்வந்த ஒருவருக்கு அவர்களுடைய அனுபவத்தை மருந்துச்சீட்டாக எழுதிக்கொடுக்க யாருக்கும் உரிமையில்லை.

போகிறபோக்கில் ஓர் எச்சரிக்கை: இந்த நோயில் மேனியாவைவிட மனச்சோர்வு நாட்களே அதிகம். அதனால் பலர் முதலில் வெறும் மனச்சோர்வு என்றுதான் மருத்துவரிடம் போகிறார்கள். மனச்சோர்வு மாத்திரையை மட்டும் தனியாகச் சாப்பிட்டால் சிலருக்கு அது மேனியாவுக்குத் தள்ளிவிடும். முன்பு எப்போதாவது தூக்கமே தேவைப்படாத, அளவுகடந்த உற்சாக நாட்கள் இருந்தனவா என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள்.

நான் தெளிவாக இருந்த காலத்தில் வீட்டாரோடு உட்கார்ந்து ஒரு தாளில் சில ஏற்பாடுகளை எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன். தொடர்ந்து இரண்டு இரவுகள் நான் சரியாகத் தூங்காவிட்டால் அவர்கள் என் அனுமதி இல்லாமலே மருத்துவரை அழைக்கலாம். வங்கி அட்டையை வாங்கி வைத்துக்கொள்ளலாம். நான் கத்தினாலும் கொடுக்கக்கூடாது. மருந்தைக் குறைக்கும் பேச்சை நான் நலமாக இருக்கும்போது, மருத்துவரின் முன்னால் மட்டுமே எடுக்க வேண்டும். குறைப்பதானாலும் மாதக்கணக்கில் சிறிது சிறிதாகத்தான். நிறுத்திவிடலாமா என்று இப்போது யோசித்துக்கொண்டிருப்பவர்கள் முதலில் இந்த வாரம் ஒவ்வோர் இரவும் எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்று எழுதுங்கள். அதை எடுத்துக்கொண்டு போய் மருத்துவரிடம், “எனக்கு இந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, வேறென்ன வழி இருக்கிறது?” என்று கேளுங்கள். “பழகிவிடும்” என்று மட்டும் சொன்னால் இன்னொரு மருத்துவரைப் பாருங்கள். அதுவரை மாத்திரையை விடாதீர்கள்.