கால் எட்டாத புல்லட்

(சென்னை, ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு சீட் கடை. வாசலில் ரெக்சின் சுருள், ஸ்பாஞ்ச் துண்டு, அறுந்த சீட். வெயிலில் புல்லட் 350 ஒன்றை உருட்டிக்கொண்டு வருகிறார் ஒரு சார். 195 கிலோ வண்டி. சட்டை பிழிந்தால் தண்ணீர் வரும்.)

பாய்: வாங்க சார். பெட்ரோல் தீர்ந்துவிட்டதா?

சார்: டாங்க் நிறைய இருக்கிறது. வழியில் சிக்னல் இருக்கிறதே! நிறுத்தினால் கால் எட்டுவதில்லை.

பாய்: இதன் சீட் உயரம் 805 மில்லிமீட்டர். நீங்கள் எத்தனை அடி?

சார்: ஐந்தடி மூன்று அங்குலம். ஷூவோடு.

பாய்: ஷூ இல்லாமல்?

சார்: அதை எதற்குக் கழற்ற வேண்டும்?

பாய்: (சீட்டை அழுத்தி) மேலே என்ன இது?

சார்: ஜெல் கவர். முதுகு வலிக்கு.

பாய்: அதற்குக் கீழே?

சார்: பஞ்சு கவர். ஜெல்லுக்கு முன்னால் வாங்கினேன்.

பாய்: கீழே டர்க்கி டவல் வேறு!

சார்: அது வெயிலுக்கு.

பாய்: இருக்கிற உயரம் போதாது என்று மாடி கட்டியிருக்கிறீர்கள். அப்புறம் கால் எப்படி எட்டும்? எல்லாவற்றையும் எடுங்கள்.

சார்: எடுத்தால் வலிக்கும். எடுக்காவிட்டால் எட்டாது. இதுதான் என் பிழைப்பு.

பாய்: மெத்தென்று இருப்பதெல்லாம் கடையில் அழுத்திப் பார்க்கும்போதுதான் சுகம். கொஞ்ச தூரம் ஓட்டினால் பஞ்சு நசுங்கி, எலும்பு அடித்தகட்டில் போய் உட்காரும். அடியில் கெட்டி ஃபோம் வேண்டும். மேலே மட்டும் லேசாக மென்மை.

சார்: சரி, சீட்டை ரெண்டு இன்ச் வெட்டிவிடுங்கள்.

பாய்: வெட்டினால் தகடுதான் மிஞ்சும். டாங்க் பக்கம் இரண்டு ஓரத்தையும் செதுக்கலாம். தொடை அகலாது, கால் நேராக இறங்கும். உயரத்தைத் தொடவே வேண்டாம்.

சார்: செதுக்குங்கள்!

(பாய் கத்தியை எடுக்கிறார். குனிந்தவர் அப்படியே நிற்கிறார்.)

பாய்: பின் சக்கர ஷாக் அப்சார்பர் ஸ்பிரிங்கை ஏன் கடைசிப் படி வரை இறுக்கியிருக்கிறீர்கள்?

சார்: மச்சான் பின்னால் உட்காருவார். நூறு கிலோ.

பாய்: இப்போது எங்கே அவர்?

சார்: துபாயில்.

பாய்: ஆள் பிளேன் ஏறிவிட்டார், எடையை ஸ்பிரிங்கில் விட்டுவிட்டார். தனி ஆள் போகும்போது இப்படி இறுகியிருந்தால் ஸ்பிரிங் அமுங்காது. வண்டி தூக்கி நிற்கும், ஒவ்வொரு பள்ளமும் நேராக முதுகுக்கு வரும். (வளைந்த சி ஸ்பானரால் இறுக்கத்தைக் குறைக்கிறார்.)

சார்: கையும் மரத்துப் போகிறது பாய். நரம்பு மாத்திரை சாப்பிடுகிறேன்.

பாய்: கிளட்ச் லிவரில் விரலை வையுங்கள். மணிக்கட்டு எப்படி மடிகிறது பாருங்கள்! முழங்கையிலிருந்து விரல் வரை ஒரே கோடாக வர வேண்டும். இதற்கு மாத்திரை எதற்கு, ஸ்பானர் போதுமே. ஹேண்டில்பாரும் முன்னால் தள்ளி நிற்கிறது. மிரரில் என்ன தெரிகிறது?

சார்: கரண்ட் கம்பி. சில சமயம் காக்கா.

பாய்: பின்னால் வரும் பஸ்?

சார்: ஹாரன் அடிப்பார்கள்.

பாய்: திருப்பி வைத்துக்கொள்ள வேண்டியதுதானே?

சார்: திருப்பினால் வீட்டில் சண்டை வரும்.

(பாய் கத்தியைக் கீழே வைக்கிறார்.)

பாய்: சார், லிவர், ஹேண்டில், மிரர் எல்லாம் கனகச்சிதமாகத்தான் இருக்கிறது. ஆனால் யாரோ நெட்டையான ஆளுக்கு. இது யார் வண்டி?

சார்: என் மனைவியுடையது.

பாய்: அவர் எத்தனை அடி?

சார்: ஐந்து ஒன்பது. காலேஜில் வாலிபால் ஆடியவள். தினமும் கிண்டிக்கு இதில்தான் ஆபீஸ் போகிறாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எனக்கு. நான் கவரெல்லாம் மாட்டுவேன், திங்கட்கிழமை கழற்றி என் தலையணை மேல் வைத்துவிடுவாள்.

பாய்: அவருக்கு முதுகு வலி, கை மரத்துப்போவது?

சார்: அதெல்லாம் எனக்குத்தான்.

பாய்: அல்லாஹ் காப்பாற்றினான். சீட்டில் கத்தி வைத்திருந்தால் நாளைக்கு அவர் என் கடை வாசலில் நிற்பார்.

சார்: அப்போ எனக்கு ஒன்றுமே செய்யமாட்டீர்களா?

பாய்: செய்யாமல் என்ன! பின்பக்க சீட்டுக்குக் கெட்டி ஃபோம் போடுகிறேன். உங்கள் எடைக்கு ஷாக்கை ஒரு படி ஏற்றுகிறேன். ஞாயிற்றுக்கிழமையும் அவரையே ஓட்டச் சொல்லுங்கள். பின்னால் உட்காருகிறவருக்குத் தரையில் கால் எட்ட வேண்டிய அவசியமே இல்லை.