பர்ப்பிள் ஹார்ட் பதக்கமும் காணாமல் போன தாள்களும்

2024 மே மாதம் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், கொரியப் போரில் காயமடைந்த 96 வயது முன்னாள் படைவீரர் ஒருவருக்கு, காயம்பட்டு ஏறத்தாழ 73 ஆண்டுகள் கழித்து, பர்ப்பிள் ஹார்ட் பதக்கம் அணிவிக்கப்பட்டது. 1951இல் அவர் தொடையில் பாய்ந்த குண்டுச் சிதறல் அப்போதும் உடலுக்குள்ளேயே இருந்தது. முன்னாள் படைவீரர் மருத்துவமனையின் மருத்துவர்களே அது சிதறலாகத்தான் இருக்கக்கூடும் என்று ஏற்றிருந்தார்கள். ஆனாலும் போதிய ஆவணம் இல்லை என்று கூறி ராணுவம் முதலில் மறுத்துவிட்டது. ஒரு செனட்டரின் தலையீடும் நீதிமன்ற வழக்கும் வந்த பிறகுதான் முடிவு மாறியது. அந்தச் செய்தியைப் பலரும் மகிழ்ச்சியோடு பகிர்ந்தார்கள். எனக்கு அதில் மகிழ்ச்சியைவிடக் கேள்விதான் அதிகம் எழுந்தது. செனட்டரை அணுகத் தெரியாதவர்கள், வழக்குத் தொடர வசதி இல்லாதவர்கள், 96 வயது வரை உயிரோடு இருக்க வாய்க்காதவர்கள் என்ன ஆனார்கள்?

இந்தப் பதக்கத்தின் தன்மையை முதலில் சொல்லிவிட வேண்டும். பிற வீரப் பதக்கங்களுக்கு மேலதிகாரி பரிந்துரைக்க வேண்டும், பலர் கூடி அந்தச் செயலின் தரத்தை எடைபோட வேண்டும். பர்ப்பிள் ஹார்ட்டுக்கு அப்படி எதுவும் இல்லை. எதிரியின் செயலால் காயம் ஏற்பட்டிருந்தால், அதற்கு மருத்துவச் சிகிச்சை தேவைப்பட்டிருந்தால், அந்தச் சிகிச்சை அதிகாரபூர்வ ஆவணத்தில் பதிவாகியிருந்தால், பதக்கம் அந்த வீரரின் உரிமை. யாரும் மனமுவந்து கொடுக்கும் பரிசு அன்று அது. பனிக்கடியும் விபத்துக் காயமும் இதில் சேரா. போருக்குப் பிந்தைய மன உளைச்சல் நோயும் சேராது என்று 2009இல் பாதுகாப்புத் துறை அறிவித்தது. அந்த எல்லைகள் சரியா என்பது தனி விவாதம், அதற்குள் நான் இப்போது போகவில்லை. எல்லைக்குள் ஐயமின்றி வருபவர்களும் வெளியே நிறுத்தப்படுகிறார்களே, அதுதான் என் பேச்சு.

அவர்களை வெளியே நிறுத்துவது மூன்றாவது நிபந்தனை. காயமும் சிகிச்சையும் வீரரின் உடலில் நடந்தவை. பதிவு என்பது வேறொருவர் செய்திருக்க வேண்டிய வேலை. இரண்டாம் உலகப் போரிலும் கொரியப் போரிலும் அந்தப் பதிவு எப்படி உருவானது என்று பார்த்தால், எத்தனை இடத்தில் அது அறுந்துபோக முடியும் என்பது புரியும். களத்தில் முதலுதவி செய்யும் மெடிக், காயக் கட்டைப் போட்டுவிட்டு, ஒரு சிறு அட்டையில் விவரம் எழுதி வீரரின் சட்டைப் பொத்தானில் கட்டிவிட வேண்டும். பட்டாலியன் உதவி நிலையத்தில் யாராவது அதைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். கம்பெனி எழுத்தர் அன்றாடம் மேலிடத்துக்கு அனுப்பும் காலை அறிக்கையில் அந்த வீரர் காயமடைந்து பணியிலிருந்து மருத்துவமனைக்கு மாற்றப்பட்டதாகத் தட்டச்சுச் செய்ய வேண்டும். மருத்துவமனை பதக்கத்துக்கான ஆணையை வெளியிட வேண்டும். அந்த ஆணையின் படி ஒன்று வீரரின் பணிக் கோப்புக்குப் போய்ச் சேர வேண்டும். இவையெல்லாம் ஷெல் விழுந்துகொண்டிருக்கும் இடத்தில் தொடங்கி, ஆள் ஓரிடத்திலும் கோப்பு வேறோரிடத்திலும் இருக்கும் நிலையில் முடிய வேண்டிய வேலைகள். கட்டுப் போட்ட மெடிக்கே அடுத்த மணி நேரத்தில் கொல்லப்பட்டிருக்கலாம். சிறு காயம் என்று கட்டோடு மீண்டும் பதுங்குகுழிக்கே போன வீரருக்கோ பெரும்பாலும் எந்தத் தாளும் கிடையாது.

இப்படித் தப்பித்தவறிச் சேர்ந்த கோப்புகளையும் தீ விட்டுவைக்கவில்லை. 1973 ஜூலை 12 அன்று மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் பகுதியிலுள்ள தேசியப் பணியாளர் ஆவண மையத்தில் தீப்பிடித்து, 1.6 கோடி முதல் 1.8 கோடி வரையிலான படைவீரர் கோப்புகள் அழிந்தன. 1912 நவம்பர் 1 முதல் 1960 ஜனவரி 1 வரை ராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் கோப்புகளில் ஏறத்தாழ 80 சதவீதம் போயிற்று. விமானப்படையின் ஒரு பகுதியும் சேர்ந்து போயிற்று. நகல் எடுத்து வைத்திருக்கவில்லை, நுண்படச் சுருளும் இல்லை, எந்தெந்தக் கோப்புகள் அங்கே இருந்தன என்று சொல்லும் பட்டியலும் இல்லை. உலகப் போர் இரண்டையும் கொரியப் போரையும் நடத்திய ஒரு நாட்டின் ஆவணப் பராமரிப்பு இந்த அழகில்தான் இருந்தது.

இனி, பதிவைத் திருத்தக் கோரும் வழி. சான்று தெளிவாக இருந்தால் அந்தந்தப் படையின் பதக்கப் பிரிவே திருத்தத்தைச் செய்துவிடும். பணி விடுவிப்புச் சான்றான டிடி-214 படிவத்துக்கு டிடி-215 என்ற திருத்தத் தாள் வழங்கப்படும். அங்கே மறுக்கப்பட்டால் டிடி-149 படிவத்தோடு பதிவுத் திருத்த வாரியத்துக்குப் போக வேண்டும். ராணுவத்துக்கும் விமானப்படைக்கும் தனித்தனி வாரியங்கள் உள்ளன. கடற்படைக்கும் மரைன் படைக்கும் ஒரே வாரியம். 1946க்கு முன் ஒருவரது படைப் பதிவைத் திருத்த நாடாளுமன்றத்தில் அவருக்கென்றே தனி மசோதா கொண்டுவரும் வழக்கம் இருந்தது. அந்தச் சுமையைத் தன் தோளிலிருந்து இறக்கிவைக்கத்தான் காங்கிரஸ் எனப்படும் அமெரிக்க நாடாளுமன்றம் அந்த ஆண்டு இந்த வாரியங்களுக்கு வழிசெய்தது. பிழையைக் கண்டறிந்த மூன்று ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது சட்டம். நீதியின் பொருட்டு அந்தக் காலவரம்பைத் தளர்த்த வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. வீரர் இறந்துவிட்டிருந்தால் குடும்பத்தார் விண்ணப்பிக்கலாம். இதுவரை குறை சொல்ல அதிகமில்லை.

சிக்கல் வாரியம் எங்கிருந்து தொடங்குகிறது என்பதில் இருக்கிறது. அரசு அலுவலர்கள் தம் கடமையை ஒழுங்காகச் செய்தார்கள் என்ற ஊகத்திலிருந்து அது தொடங்குகிறது. பதிவில் காயம் இல்லையென்றால், காயம் இல்லாததால்தான் பதிவு இல்லை என்று முதலில் எடுத்துக்கொள்ளப்படும். அப்படியல்ல என்று காட்டும் பொறுப்பு விண்ணப்பதாரருடையது. அமைதிக் காலத்து அலுவலகத்துக்கு இந்த ஊகம் பொருந்தலாம். மெடிக் இறந்துபோன மலைச்சரிவுக்கும் எரிந்துபோன கட்டடத்துக்கும் அதையே பொருத்துவது எனக்கு நியாயமாகப் படவில்லை. ரசீதுப் புத்தகத்தைத் தொலைத்த கடைக்காரரே வாடிக்கையாளரிடம் ரசீது கேட்பதைப் போன்றது அது.

பழைய படைவீரர் குடும்பங்களுக்கு ஆவணம் தேடிக்கொடுக்கும் தன்னார்வலர்களில் நானும் ஒருவன் என்பதால், கையில் எடுத்துப் பார்த்த ஒரு கோப்பைப் பற்றிச் சொல்கிறேன். இரண்டாம் உலகப் போரில் பிரான்சில் சண்டையிட்டு, நெடுநாளுக்கு முன் இறந்துபோன ஒருவருடையது அது. அவருடைய விடுவிப்புச் சான்றில் 34ஆம் கட்டம், போரில் பெற்ற காயங்களுக்கு உரியது. அதில் ‘இல்லை’ என்று தட்டச்சாகியிருந்தது, கீழே அவருடைய கையெழுத்தும் இருந்தது. அந்தக் கையெழுத்தை அவருக்கு எதிரான சான்றாக யாரும் காட்டலாம். வீடு திரும்பும் கப்பலுக்கும் ரயிலுக்கும் வரிசையில் நின்ற லட்சக்கணக்கானவர்களில் எத்தனை பேர் ஒவ்வொரு கட்டமாகப் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டிருப்பார்கள் என்பதை அவரவர் யோசித்துக்கொள்ளலாம். அதே கோப்பில் அவர் தன் தாய்க்கு அனுப்பிய வி-மெயில் கடிதம், அதாவது படமெடுத்துச் சிறிதாக்கி அனுப்பப்பட்ட போர்க்காலக் கடிதம், ஒன்று இருந்தது. உள்ளங்கையில் அடங்கும் அந்தப் படப்பிரதியின் எழுத்து, அவருடைய மற்றக் கடிதங்களின் எழுத்தோடு சிறிதும் ஒத்துப்போகவில்லை. வலது கையில் கட்டுப் போட்டிருப்பதால் இதை செவிலியர் ஒருவர் எழுதித் தருகிறார், கவலைப்பட வேண்டாம் என்று கடைசி வரி சொல்லிற்று. எப்படிக் காயம்பட்டது என்று ஒரு சொல்லும் இல்லை. தாய்க்கு எழுதும் மகன் அதையா எழுதுவான்?

கடிதம் சிகிச்சை நடந்ததைக் காட்டுகிறது, எதிரியின் செயலைக் காட்டவில்லை. ஆகவே பாதிச் சான்றுதான். மீதிப் பாதியைத் தேட இரண்டு இடங்கள் இருந்தன. ஒன்று, ராணுவ மருத்துவத் தலைமை அலுவலகம் 1942 முதல் 1945 வரையும் 1950 முதல் 1954 வரையும் தொகுத்த மருத்துவமனைச் சேர்க்கைப் பதிவுகள். தீ விபத்துக்குப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1988இல், வேறொரு நிறுவனத்தின் வசம் அவை இருப்பது தெரியவந்தது. அவற்றில் பெயர் இராது, படை எண்தான் இருக்கும், மற்றவையெல்லாம் குறியீடுகள். முழுமையான தொகுப்பும் அன்று. மற்றொன்று, தீ எட்டாத இடத்தில் தனியே வைக்கப்பட்டிருந்த காலை அறிக்கைகள். இவருடைய படை எண்ணுக்கு எதிரே, கடிதம் எழுதப்பட்ட அதே மாதத்தில், பீரங்கிக் குண்டால் கையில் ஏற்பட்ட காயம் என்ற பதிவு கிடைத்தது. கம்பெனியின் காலை அறிக்கையில், போரில் லேசான காயம் என்ற சுருக்கக் குறியோடு அவர் பெயர் இருந்தது. ‘அப்பாவின் அந்த இரண்டு விரல்களும் கடைசி வரை மடங்கவே இல்லை; அவர் கேட்டிருந்தால் அன்றே கொடுத்திருப்பார்கள், கேட்கத்தான் இல்லை’ என்றார் மகள். விண்ணப்பம் போயிருக்கிறது. இவருக்குச் சான்று கிடைத்தது தற்செயல். பக்கத்துப் பதுங்குகுழியில் அதே குண்டில் அடிபட்டவரின் அட்டை அந்தத் தொகுப்பில் இல்லாமல் போயிருந்தால், அவர் பெற்ற காயம் இவருடையதைவிடக் குறைந்தது ஆகிவிடுமா?

இதே நாட்டின் இன்னொரு துறை இதே கேள்விக்கு வேறு விடை வைத்திருக்கிறது என்பதுதான் எனக்கு மிகவும் உறுத்துவது. ஊனத்துக்கான இழப்பீடு வழங்கும் முன்னாள் படைவீரர் நலத் துறையைக் கட்டுப்படுத்தும் சட்டம், எதிரியோடு சண்டையிட்டவர் தன் காயம் குறித்துச் சொல்லும் வாக்குமூலம் அந்தப் போர்ச் சூழலுக்குப் பொருந்தி வந்தால், அதிகாரபூர்வப் பதிவு இல்லாவிட்டாலும் அதை ஏற்க வேண்டும் என்கிறது. ஆதரவும் எதிர்ப்பும் சமமாக நின்றால் ஐயத்தின் பலன் வீரருக்கே போக வேண்டும் என்பது அங்கே விதி. ஆவணம் அரசின் பொறுப்பில் இருந்தபோது அழிந்திருந்தால், முடிவுக்கான காரணத்தை விளக்கவும் ஐயத்தின் பலனைக் கவனமாகப் பரிசீலிக்கவும் துறைக்குக் கூடுதல் கடமை உண்டு என்று 1991இல் ஓஹேர் எதிர் டெர்வின்ஸ்கி வழக்கில் படைவீரர் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. மாதந்தோறும் அரசுப் பணம் போகும் இடத்தில் வீரரின் சொல் செல்லுபடியாகிறது. ஒரு நாடாவும் உலோக இதயமும் தரும் இடத்தில் செல்லுபடியாகவில்லை. ஒரே மனிதரின் ஒரே தழும்பை ஓர் அலுவலகம் போர்க் காயம் என்று ஏற்று இழப்பீடு தந்தபின், மற்றோர் அலுவலகம் அதே தழும்புக்குச் சான்று போதாது என்று கடிதம் எழுத முடிகிறது.

எதிர்வாதம் எனக்குத் தெரியும், அது அற்பமானதும் அன்று. பதக்கத்தின் மதிப்பே அதன் கண்டிப்பில் இருக்கிறது. பொய் சொல்லிப் பதக்கம் அணிந்து திரிபவர்கள் உண்டு, அதற்காகவே 2013இல் தனிச் சட்டம் வந்தது. சொல்லை மட்டும் நம்பிக் கொடுத்தால் உண்மையாகவே குண்டடிபட்டவரின் பதக்கமும் மலிந்துபோகும் என்பார்கள். காயம்பட்ட வீரர்களே சிலர் இப்படிச் சொல்வதுண்டு. பலனும் வெறும் மரியாதை மட்டுமில்லை: 2018 ஆகஸ்ட் முதல், 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு இப்பதக்கம் பெற்றவர்களுக்கு முழுக் கல்வி உதவி உண்டு, மருத்துவச் சேவையிலும் முன்னுரிமை உண்டு. ஆனால் இந்த வாதம் ஆவணம் ஒழுங்காக இருக்கும் காலத்துக்கும் இடத்துக்கும்தான் செல்லும். உடலுக்குள் உலோகத் துண்டு, அந்த நாளில் அந்தப் படைப்பிரிவு அந்த இடத்தில் சண்டையிட்டதற்கான வரலாறு, உடனிருந்தவரின் வாக்குமூலம், அன்றைய கடிதம் என்று ஒன்றையொன்று தாங்கும் சான்றுகள் இருக்கும்போது அதைச் சொல்லை மட்டும் நம்பிக் கொடுப்பது என்று யாரும் சொல்ல முடியாது.

இது பழைய தாள்களின் கதை மட்டும் என்று நினைப்பவர்கள் ஈராக்கின் அல்-அசத் தளத்தைப் பார்க்கலாம். 2020 ஜனவரி 8 அன்று ஈரானின் ஏவுகணைகள் அங்கே விழுந்தன. நூற்றுக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினருக்கு மூளை அதிர்ச்சிக் காயம் இருப்பது பிறகு கண்டறியப்பட்டது. வெளியே ரத்தம் தெரியாத காயம் அது. தொடக்கத்தில் 29 பேருக்கே பர்ப்பிள் ஹார்ட் வழங்கப்பட்டது. மறு ஆய்வுக்குப் பின், 2021 டிசம்பரில், மேலும் 39 பேருக்கு ராணுவம் ஒப்புதல் அளித்தது. கணினி, ஸ்கேன், மின்னஞ்சல் எல்லாம் இருந்த காலத்திலும் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின.

பின்னோக்கிப் பார்த்துக் கொடுப்பது இந்தப் பதக்கத்துக்குப் புதிதும் அன்று. 1782இல் ஜார்ஜ் வாஷிங்டன் ஏற்படுத்திய படைத் தகுதிச் சின்னத்தை, அவருடைய 200ஆவது பிறந்தநாளான 1932 பிப்ரவரி 22 அன்று, ராணுவத் தலைமைத் தளபதியாக இருந்த டக்ளஸ் மெக்ஆர்தர் பர்ப்பிள் ஹார்ட்டாக உயிர்ப்பித்தபோது, முதல் உலகப் போரில் காயமடைந்தவர்களைத் தாமே விண்ணப்பித்துப் பெற்றுக்கொள்ள அழைத்தார்கள். போர் முடிந்து 13 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன. கடற்படையினருக்கு 1942இல் திறந்த கதவை, 1952இல் ஒரு நிர்வாக ஆணை 1917 ஏப்ரல் வரை பின்னுக்கு நீட்டிற்று. போர்க் கைதிகளாக இருந்தபோது காயமடைந்தவர்களுக்கு 1996இல் காங்கிரஸ் வழிசெய்தது. ஒவ்வொரு முறையும் விடுபட்டவர்களைத் தேடிப்போய்ச் சேர்த்திருக்கிறார்கள். பதக்கம் அதனால் மலிந்துவிடவில்லை.

ஆகவே நான் கேட்பது பெரிய மாற்றம் அன்று. 1973 தீயில் கோப்பு அழிந்தவர்களுக்கு, அலுவலர்கள் கடமையைச் சரியாகச் செய்தார்கள் என்ற ஊகத்தை வாரியங்கள் கைவிட வேண்டும். இழப்பீட்டுத் துறைக்கு உள்ள ஐயத்தின் பலன் என்ற விதியை இவற்றுக்கும் சட்டமாக்க வேண்டும். போர்க் காயம் என்று ஒரு துறை ஏற்றுக்கொண்டதை மற்றத் துறை மறுக்குமானால், மறுப்பதற்கான காரணத்தை நிறுவும் பொறுப்பு மறுப்பவருக்கே இருக்க வேண்டும். காலை அறிக்கைகளையும் சேர்க்கைப் பதிவுகளையும் தேடும் வேலையை, தொண்ணூறைத் தாண்டியவர்களிடமும் அவர்களுடைய பிள்ளைகளிடமும் விடாமல், விண்ணப்பம் வந்ததும் அரசே செய்ய வேண்டும். பத்து மாதத்துக்குள் பெரும்பாலான விண்ணப்பங்களுக்கு விடை தர வேண்டும் என்று சட்டம் ஏற்கெனவே சொல்கிறது. கொரியப் போர் வீரர்களுக்கு அந்தப் பத்து மாதம் மிக நீண்ட காலம்.

இந்தப் பதிவை வாசிப்பவர்களில் அமெரிக்கப் படையில் பிள்ளைகள் இருப்பவர்கள் சிலராவது இருப்பீர்கள். காயம்பட்டு முதலுதவி நிலையத்துக்குப் போனால், எவ்வளவு சிறிய காயமாக இருந்தாலும், சிகிச்சைக் குறிப்பின் நகலைக் கையோடு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். உடனிருந்த இருவரின் முழுப் பெயரையும் படைப்பிரிவையும் அன்றைய தேதியோடு எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். விடுவிப்புச் சான்றில் கையெழுத்திடும் முன் ஒவ்வொரு கட்டத்தையும் படிக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே மறுப்புக் கடிதம் வந்திருந்தாலும் கோப்பைக் கட்டி வைத்துவிடாதீர்கள்: வாரியம் முன்பு பார்த்திராத சான்று ஒன்று கிடைத்தால், விண்ணப்பத்தை மறுபடியும் பரிசீலித்தே ஆக வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது.