நரையைக் கருப்பாக்கினால் அது சரிசெய்ததாகாது

போன வாரம் என் தலைமுடிக்கு நடந்ததைப் படத்தோடு போட்டிருந்தேன். பார்க்காதவர்களுக்கு ஒரு வரி: நுனி வெட்டி, நரையில் பூத்த மஞ்சளை மட்டும் போக்கச் சொல்லி ஓர் அழகு நிலையத்துக்குப் போனேன், அங்கே நான் கேட்காத நிரந்தரச் சாயத்தைப் பூசி என் நரையைக் கெடுத்துவிட்டார்கள். நேற்று அந்த அழகு நிலையத்திலிருந்து பதில் வந்தது. "மேடம், காசு எதுவும் வேண்டாம். இன்னும் ஒரு ஷேடு டார்க்கா போட்டு ஈவன் பண்ணிக் கொடுத்துடறோம், வாங்க." படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. அதைவிட ஆறாதது ஒன்று உண்டு. எனக்கு நெருங்கியவர்களே, "சும்மாதானே பண்ணித் தர்றாங்க, போய்ட்டு வந்துடேன்" என்றார்கள்.

காசு வாங்குகிறார்களா இல்லையா என்பது பேச்சே இல்லை. அவர்கள் செய்கிறேன் என்பது சரிசெய்வதே இல்லை. நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது என் தலையில் இருந்தது நரைத்த முடி. உச்சியில் நரையும் கருப்பும் கலந்து, நெற்றியோரம் மட்டும் முழு வெள்ளையாக இருந்தது. பழைய டை எல்லாம் வெட்டுப்பட்டுப் போகும்வரை பொறுத்துப் பொறுத்து, நானே விரும்பி வளர்த்த முடி. அதைத் திரும்பத் தர முயன்றால் அது சரிசெய்வது. கெட்டதன் மேல் இன்னொரு கருப்பைப் பூசினால் அது மறைப்பது. இரண்டும் ஒன்றில்லை என்று ஏன் இவ்வளவு பேருக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருக்கிறது?

நான் கேட்டது இவ்வளவுதான். நுனியைக் கொஞ்சம் வெட்ட வேண்டும். வெள்ளை முடி வெயிலிலும் உப்புத் தண்ணீரிலும் லேசாக மஞ்சள் பூத்திருந்தது, அதற்கு ஒரு டோனர் போட வேண்டும். மஞ்சளை ஊதா அடக்கும் என்பதால் வெள்ளை முடிக்கான டோனரில் மெல்லிய ஊதாச் சாயல் இருக்கும். ஆழமாக இறங்காது, தலைக்குக் குளிக்கக் குளிக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும். கண்ணாடியில் பார்த்தபடி விரலால் தொட்டுக் காட்டி, "இந்த மஞ்சள் மட்டும் போகணும், வெள்ளை அப்படியே இருக்கணும்" என்று சொன்னேன். தலையாட்டினார்கள். கிண்ணத்தில் கலந்து எடுத்துவந்து பூச ஆரம்பித்ததும் மூக்கைத் துளைத்தது அமோனியா வாடை. இது டோனர்தானா என்று கேட்டேன். "ஆஷ் டோன்தான் மேடம், அலசினா சில்வரா வரும்" என்று இரண்டு பேர் சேர்ந்து உறுதி சொன்னார்கள்.

அலசித் துண்டை எடுத்தபோது பின்பக்கம் முழுக்கக் கருப்புக்குப் பக்கத்தில் போன ஒரு பழுப்பு. நெற்றியோரம், எனக்கு ரொம்பப் பிடித்த அந்த வெள்ளைப் பகுதி, மழைக்காலத்துச் சுவரில் பாசி படிந்த மாதிரி சாம்பல் கலந்த பச்சை.

இது ஏன் இப்படி ஆனது என்பது ரகசியமில்லை, கலர் போடும் யாருக்கும் தெரிந்திருக்க வேண்டியது. ஆஷ் என்ற வரிசை, அதாவது சாம்பல் சாயல் கலர்கள், நீலமோ பச்சையோ அடியில் வைத்துச் செய்யப்படுவது. கருமுடியில் இயல்பாகவே இருக்கும் செம்மையை அடக்குவதற்குத்தான் அந்த நீலமும் பச்சையும். வெள்ளை முடியில் நிறம் தரும் மெலனின் இல்லை, அதனால் அடக்கச் செம்மையும் இல்லை. அப்புறம் நீலமும் பச்சையும் அப்படியே வெளியே தெரியாமல் என்ன செய்யும்? நரையை மூட நினைப்பவர்களுக்குக்கூட ஆஷை மட்டும் தனியாகப் போட மாட்டார்கள், முடியின் இயல்பான நிறங்களைத் தரும் நேச்சுரல் வரிசையில் ஒன்றைச் சேர்த்துக் கலப்பார்கள். அதாவது நான் கேட்டதையும் செய்யவில்லை, அவர்களாக நினைத்துக்கொண்டதையும் ஒழுங்காகச் செய்யவில்லை.

இதன் மேல்தான் இப்போது இன்னும் ஒரு ஷேடு டார்க் போடுகிறார்களாம். நிரந்தரச் சாயம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் நான் ஏன் கொதிக்கிறேன் என்று புரியும். அமோனியா முடியின் மேல் செதில்களைத் திறந்துவிடும். நிறமில்லாத சின்னச் சின்ன மூலக்கூறுகள் உள்ளே நுழையும். கூடவே கலக்கிற ஹைட்ரஜன் பெராக்சைடு, அதாவது டெவலப்பர், அவற்றை ஒன்றோடொன்று கோத்துப் பெரிய நிற மூலக்கூறுகளாக்கிவிடும். நுழைந்த வழியே வெளியே வர முடியாத அளவுக்கு அவை பெருத்துவிடுகின்றன. அதனால்தான் ஷாம்பூவில் போவதில்லை. அதன் மேல் இன்னொரு கலர் போட்டால் உள்ளே அடைபட்ட சாயம் இன்னும் கூடும், முடி இன்னொரு தடவை பெராக்சைடைத் தாங்க வேண்டும். பிறகு அதை எடுக்க யார் முயன்றாலும் இன்னும் கஷ்டம்.

இன்னொன்றும் இருக்கிறது. அவர்கள் தரும் இலவசம் ஒரே ஒரு தடவைக்குத்தான். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வளரும். அடுத்த மாதமே வகிட்டில் வெள்ளைக் கோடு தெரியும். அதை மறைக்கத் திரும்பப் போக வேண்டும், அதற்கடுத்த மாதமும் போக வேண்டும். எதிலிருந்து வெளியே வர நான் அத்தனை மாதம் பொறுத்தேனோ, அதிலேயே என்னைத் திரும்பக் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டு, அதற்குச் சரிசெய்தல் என்று பெயர் வைக்கிறார்கள். மன்னிக்கவும், இது சரிசெய்தல் இல்லை.

"முடிதானே, வளர்ந்துடும்" என்று எழுதியவர்களுக்கு ஒரு கணக்கு. என் முடி தோளைத் தாண்டி இருக்கிறது, 30 சென்டிமீட்டருக்குக் குறையாது. மாதம் 1.25 சென்டிமீட்டர் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் 24 மாதம். இரண்டு வருடம். இரண்டு வருடத்தை "தானே" என்று ஒரு சொல்லில் தள்ளிவிடுவது சுலபம், கண்ணாடியில் பார்க்கப்போவது நானல்லவா. ஒட்ட வெட்டிக்கொள் என்று இன்னும் சிலர் சொன்னார்கள். வெட்டிக்கொள்பவர்கள் வெட்டிக்கொள்ளட்டும், அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது நானாக எடுக்க வேண்டிய முடிவு. அடுத்தவர் கலந்த கிண்ணம் எனக்காக எடுக்கக் கூடாது.

பிளீச் போட்டு எடுத்துவிடச் சொன்னவர்களும் உண்டு. நல்லெண்ணத்தில் சொன்னார்கள், சரி. ஆனால் சாயம் குடித்த முடியில் பிளீச் போட்டால் நேராக வெள்ளை வராது. ஆரஞ்சு வரும், மஞ்சள் வரும், திட்டுத்திட்டாக வரும், முடி உடையவும் உடையும். அதிலும் மருதாணியோ, நீலச்சாயம் தரும் அவுரியோ போட்ட தலையென்றால் கதையே வேறு. மருதாணிச் சாயம் முடியின் புரதத்தோடு பிணைந்துகொள்வதால், போட்ட சாயத்தை எடுக்கும் ரிமூவருக்கு அசையாது. அவுரி ஏறிய முடியில் பிளீச் பட்டால் பச்சையாகத் திரும்பிவிடும். மருதாணி என்ற பெயரில் விற்கும் சில பொடிகளில் உலோக உப்பு இருக்கும், அதன் மேல் பெராக்சைடு பட்டால் சூடேறிவிடும். என் தலையில் இவை எதுவும் இல்லாதது என் நல்ல நேரம்.

நான் வேறொருவரிடம் போனேன். யார் என்று சொல்லப்போவதில்லை, விளம்பரம் என்பீர்கள். அவர் முதலில் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். காதுக்குப் பின்னால், வெளியே தெரியாத இடத்தில் ஒரு மெல்லிய கற்றையைப் பிரித்து நனைத்து, இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து மெதுவாக இழுத்துப் பார்த்தார். நீண்டு திரும்ப இடத்துக்கு வந்தது. வராமல் இழுபட்டு நின்றிருந்தால் இன்றைக்கு எதுவும் செய்ய மாட்டேன் என்றார். பிறகு அந்தக் கற்றையில் மட்டும் கலர் ரிமூவரைத் தடவிக் காத்திருந்தார். பிளீச் வேறு, இது வேறு. பெராக்சைடு கோத்த மூலக்கூறுகளை இது மறுபடி சின்னதாக உடைத்துவிடும், அப்போதுதான் அலசினால் வெளியே வரும். கந்தக வாடை தலையைச் சுற்றவைத்தது. ஓடுகிற தண்ணீரில் அவர் அலசிக்கொண்டே இருந்தார், கை வலிக்கும் என்று எனக்கே தோன்றுகிற அளவுக்கு. உடைந்த துண்டுகள் கொஞ்சம் உள்ளே தங்கினாலும் காற்றுப் பட்டுத் திரும்பக் கோத்துக்கொள்ளும், அடுத்த சில நாளில் பழைய கருப்பு வந்து நிற்கும் என்றார். கற்றை காய்ந்து, நிறம் எப்படி நிற்கிறது என்று பார்த்த பிறகுதான் மீதித் தலையைத் தொட்டார்.

நெற்றியோரப் பச்சை பெரும்பாலும் போய்விட்டது. இப்போது அங்கே மங்கலான மஞ்சள் வெள்ளை. ஆனால் பின்பக்கம் பழையபடி வரவில்லை, வரவும் வராது. அந்தப் பக்கத்துக் கருமுடிகளில் இருந்த மெலனினையும் பெராக்சைடு வெளுத்துவிட்டது. சாயம் போன பிறகு அவை செம்பு நிறத்தில் நிற்கின்றன. வெள்ளையும் கருப்புமாக இருந்த இடத்தில் இன்றைக்கு வெள்ளையும் செம்பும். எவ்வளவு கைதேர்ந்தவராலும் அந்தக் கருப்பைத் திரும்ப உள்ளே வைக்க முடியாது, மேலே ஒரு டோனர் போட்டுச் சாயலைக் குறைக்கலாம், அவ்வளவுதான். இனி அங்கங்கே மெல்லிய இழைகளாக எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்து, வேரில் வரும் நரையோடு கலக்கவைத்து, ஒவ்வொரு தடவையும் கீழே கொஞ்சம் வெட்டி, வளர விட வேண்டும். சரிசெய்வது என்றால் இதுதான். மெதுவானது, சலிப்பானது. ஆனால் என் முடியை நோக்கிப் போகிறது. கருப்போ அதிலிருந்து விலகிப் போகிறது.

"பாவம், அந்தப் பொண்ணு வேலை போயிடுமே" என்றும் கேட்டார்கள். நான் கடையின் பெயரைப் போட்டேனா? படத்தில் அங்கே வேலை செய்பவர் யார் முகமாவது தெரிந்ததா? எனக்குக் கலர் போட்ட அந்தப் பெண்ணின் மேல் எனக்குக் கோபம் குறைவுதான். அவருக்குச் சொல்லிக்கொடுத்ததே அதுதான். பிரெஞ்சு வேதியியலாளர் யூஜின் ஷுல்லர் 1907-ல் செயற்கை முடிச்சாயம் செய்த காலத்திலிருந்து இந்தத் தொழிலில் நரை என்றால் மூடு என்பதுதான் பாடம். பெட்டியின் மேலேயே கிரே கவரேஜ் என்றுதானே எழுதியிருக்கிறது. நரையை நரையாக வைத்து அழகுபடுத்தத் தெரிந்தவர்கள் குறைவு, அதைக் கேட்டு வருபவர்களைக் காதுகொடுத்துக் கேட்பவர்கள் அதைவிடக் குறைவு. சரி, தெரியவில்லை என்றால் தெரியாது என்று சொல்லியிருக்கலாமே? நான் எழுந்து போயிருப்பேன். சில்வராக வரும் என்று ஏன் சொல்ல வேண்டும்? இதற்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை.

அப்புறம் அந்த இன்னொரு வகைச் செய்திகள். "உண்மையைச் சொல்லட்டுமா, இப்பதான் பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்கே." இதைப் பலர் தனியாக அனுப்பினார்கள், கூடவே இதயம் வேறு. நான் அழுத படத்தைப் பார்த்துவிட்டு இதை எழுத எப்படி மனசு வந்தது?

என் அம்மா டை போட்டவர். நிறுத்தியது விருப்பத்தால் இல்லை. ஒரு தடவை போட்ட மறுநாள் நெற்றியெல்லாம் தடித்து, இமைகள் வீங்கி, ஒரு கண்ணைத் திறக்கவே முடியவில்லை. பிபிடி ஒவ்வாமை என்றார் மருத்துவர். கருஞ்சாயங்களில் பரவலாக இருக்கும் பாராஃபினைலின்டையமின்தான் அது. தோல் ஒவ்வாமையைக் கவனிக்கும் மருத்துவர்களின் அமைப்பான அமெரிக்கன் காண்டாக்ட் டெர்மடைடிஸ் சொசைட்டி 2006-ஆம் ஆண்டின் அலர்ஜிப் பொருள் என்று அறிவித்ததும் இதைத்தான். போடுவதற்கு 48 மணி நேரத்துக்கு முன் தோலில் கொஞ்சம் தடவிப் பார்க்கச் சொல்வது சும்மா இல்லை. என் தலையில் பூசியவர்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, அம்மாவுக்கு வந்தது எனக்கும் வருமா என்று அன்று இரவெல்லாம் இமையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் நான் சொல்லவந்தது வேறு. வீக்கம் வடிந்து, அம்மாவின் முடி வெளுத்து வந்தபோது, பார்த்தவர்கள் எல்லாரும் கேட்டது, "ஏன் இப்படி விட்டுட்டே?" கண்ணே போயிருக்கும் என்று சொன்னாலும், "ஹெர்பலா ஏதாவது போடக் கூடாதா?" அதற்குப் பிறகு அம்மா படம் எடுக்கும்போதெல்லாம் நகர்ந்துவிடுவார். நரையோடு இருக்கும் அவருடைய படம் எங்களிடம் சொற்பம்.

என் அண்ணனுக்கு என்னைவிட அதிகமாக நரைத்திருக்கிறது. பார்க்கிறவர்கள் கம்பீரம் என்கிறார்கள். சால்ட் அண்ட் பெப்பர் என்று பெயர் வைத்துக் கொண்டாடுகிறார்கள். அவர் முடி வெட்டப் போனால் யாரும் கேட்காமல் கருப்புப் பூசி அனுப்புவதில்லை. அனுப்பியிருந்தால் அங்கே என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். நான் வருத்தப்பட்டால் மட்டும் அது முடிக்காக இவ்வளவு அலட்டல்.

அந்த நிலையத்திடம் நான் கேட்பது பணமில்லை, இலவச டச்-அப் இல்லை. என் தலையில் பூசிய கலர் ட்யூபின் ஷேடு எண் என்ன, டெவலப்பரில் பெராக்சைடு 6 சதவீதமா 9 சதவீதமா, எவ்வளவு நேரம் வைத்தார்கள், இதை எழுதிக் கொடுங்கள். அடுத்து என் முடியைத் தொடுபவருக்கு அது தேவை. இதே நிலையில் இருப்பவர்களும் வேறு எதற்கும் முன்னால் அதைக் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் தலையைப் பற்றிய விவரம். மூன்று செய்தி அனுப்பிவிட்டேன். "வாங்க மேடம், நேர்ல பேசிக்கலாம்" என்பதைத் தவிர ஒன்றும் வரவில்லை. நேரில் போக மாட்டேன். அந்த எண் வரும்வரை கேட்டுக்கொண்டுதான் இருப்பேன்.