கலேயிலிருந்து தெற்கே போகிறவர்களுக்கு: முதலில் தங்கும் ஊர், அப்புறம்தான் வழி

போன வாரம் தம்பி முறையில் ஒருவன் போன் செய்தான். ஆகஸ்ட்டில் மனைவி, பிள்ளைகளோடு லண்டனிலிருந்து தெற்குப் பிரான்ஸின் மோன்பெல்லியேவுக்குக் காரில் போகிறானாம். கடலுக்கு அடியில் கார்களை ஏற்றிவரும் ரயில் பிரான்ஸின் வடகரையில், கலேயில் இறக்கிவிடும். "அண்ணே, கலேயில இறங்கினா பத்து மணி நேரம்னு மேப் காட்டுது. விடிகாலைல ரயில்ல காரை ஏத்திட்டா ராத்திரி சாப்பாட்டுக்குக் கடற்கரைக்குப் போயிடலாம்ல?" என்றான். "போகலாம்டா, ஆனா அப்படிப் போகாதே" என்றேன். காரணத்தைப் போனில் சரியாகச் சொல்ல வரவில்லை. அவனுக்காகவும், இந்தக் கோடையில் அதே சாலையில் இறங்கப்போகும் மற்றவர்களுக்காகவும் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் முதல் பயணத்தில் நானும் மேப் சொன்னபடியேதான் போனேன். கலேயிலிருந்து ஏ26 நெடுஞ்சாலை, ரான்ஸ், துருவா, அப்புறம் லியோன், அங்கிருந்து ரோன் நதிப் பள்ளத்தாக்கு வழியாக ஏ7. அன்று ஆகஸ்ட் தொடக்கத்துச் சனிக்கிழமை. ஜூலை விடுமுறை முடிந்து திரும்புகிறவர்களும் ஆகஸ்ட் விடுமுறைக்குக் கிளம்புகிறவர்களும் ஒரே வாரக்கடைசியில் சாலையில் இருப்பார்கள் என்பது எனக்குத் தெரியாது. லியோனைத் தாண்டியதும் வண்டி நின்றது. பிறகு ஊர்ந்தது, மறுபடி நின்றது. வெளியே 36 டிகிரி. பின்சீட்டில் அம்மா, இரண்டு பிள்ளைகள். அம்மா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. வலாஞ்ஸ் பக்கத்தில் ஓர் ஓய்விடத்தில் நிறுத்தியபோது அவர் கால்கள் வீங்கியிருந்ததைப் பார்த்தேன். நான் செய்த பிழை அது. இன்னும் மனதில் இருக்கிறது.

அந்த நெரிசலுக்குக் காரணம் நில அமைப்பு. ரோன் பள்ளத்தாக்குக்குக் கிழக்கே ஆல்ப்ஸ், மேற்கே மத்திய மலைத்திட்டு. வடக்கிலிருந்து மத்தியதரைக் கடலுக்குப் போகும் டச்சு, பெல்ஜிய, ஜெர்மானிய, ஆங்கிலேயக் கார்களும் பாரிஸ்காரர்களின் கார்களும் லியோனில் ஒன்று சேர்ந்து அந்த ஒரே இடுக்குக்குள் நுழைகின்றன. பிரெஞ்சுக்காரர்களுக்கு இது பழகிப்போன விஷயம். 1976-லிருந்தே அங்கே 'பிசோன் ஃபூத்தே' என்ற அரசுச் சேவை இருக்கிறது. 'தந்திரக்காரக் காட்டெருமை' என்று பொருள். எந்த நாளில், எந்தப் பகுதியில் நெரிசல் எப்படி இருக்கும் என்பதைப் பச்சை, ஆரஞ்சு, சிவப்பு, கறுப்பு என நான்கு நிறங்களில் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். கறுப்பு நாளில் தெற்கே கிளம்பவே கூடாது. டிக்கெட் எடுக்கும் முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி அந்த நாட்காட்டியைப் பாருங்கள். முடிந்தால் செவ்வாய் அல்லது புதன் கிளம்புங்கள்.

அந்தப் பயணத்துக்குப் பிறகு வழியைத் தேர்ந்தெடுக்கும் முறையையே மாற்றிக்கொண்டேன். "எத்தனை மணி நேரம்?" என்ற கேள்வியிலிருந்து இப்போது தொடங்குவதில்லை. "முதல் இரவு எந்த ஊரில் சாப்பிட்டுவிட்டு நடக்கப் போகிறோம்?" என்பதுதான் முதல் கேள்வி. இரண்டாவது இரவுக்கும் அதே கேள்வி. இரண்டு ஊர்கள் முடிவானால் நடுவில் உள்ள சாலை தானாக அமைந்துவிடும். மேப்பிடம் கலேயையும் மோன்பெல்லியேவையும் மட்டும் கொடுத்தால் அது உங்களை ரோன் பள்ளத்தாக்கிலோ பாரிஸ் சுற்றுச்சாலையிலோ கொண்டுபோய்த் தள்ளும்.

பாரிஸ் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். "போற வழியில லா ஷப்பெல்ல கொத்து ரொட்டி சாப்பிட்டுப் போகலாமே" என்று நம்மவர்களில் பலர் சொல்கிறார்கள். பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த பகுதி லா ஷப்பெல், எனக்கும் பிடிக்கும். ஆனால் அதற்காகக் காரோடு பாரிஸுக்குள் நுழையாதீர்கள். இன்னொரு வாரக்கடைசியில் லண்டனிலிருந்து ரயிலில் வாருங்கள். 'கார் து நோர்' ரயில் நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம்.

சரி, என் வழி இதுதான். கலேயிலிருந்து ஏ16-ல் தெற்கே இறங்கி, அபவில் பக்கத்தில் ஏ28 பிடித்து ருவான். அபவில்–ருவான் பகுதிக்கு டோல் கிடையாது. ருவான் நகரைக் கடப்பது மட்டும் கொஞ்சம் எரிச்சல், பொறுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் எவ்ரோ, த்ரோ வழியாக ஷார்த்ர். மொத்தம் சுமார் 340 கிலோமீட்டர். ஷார்த்ரை நெருங்கும்போது போஸ் சமவெளி வரும். பிரான்ஸின் கோதுமைக் களஞ்சியம் அது. அறுவடை முடிந்த தட்டையான வயல்களுக்கு நடுவே, ஊர் கண்ணில் படுவதற்கு வெகு முன்பே தேவாலயத்தின் இரண்டு கோபுரங்கள் தெரியும். இரண்டும் ஒரே உயரமில்லை, ஒரே பாணியுமில்லை. முதலில் பார்த்தவள் என் மகள்தான். "அப்பா, ஒண்ணு குட்டை, ஒண்ணு நெட்டை" என்று கத்தினாள். கோடையில் இருட்டியதும் தேவாலயத்தின் முகப்பில் வண்ண ஒளியைப் பாய்ச்சுகிறார்கள். அம்மா ஒரு திண்டில் உட்கார்ந்து அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் நாள் ஓர்லியான், பூர்ஜ், கிளெர்மோன் ஃபெரான். பெரும்பாலும் டோல் நெடுஞ்சாலை. இங்கே நேரத்தை மிச்சம் பிடித்துக்கொள்ளுங்கள், பெரிதாக எதையும் இழக்க மாட்டீர்கள். கிளெர்மோனை நெருங்கும்போது மேற்கே எரிமலைகள் வரிசையாக எழும். அவற்றில் உயரமான புய் து தோம் 1,465 மீட்டர்.

கிளெர்மோனிலிருந்துதான் ஏ75 தொடங்குகிறது. ஐரோப்பாவில் நான் ஓட்டிய நெடுஞ்சாலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். மத்திய மலைத்திட்டின் மேலேயே ஏறி, 1,100 மீட்டருக்கு மேல் போய், பெஸியேவுக்கு இறங்குகிறது. சுமார் 340 கிலோமீட்டர். மியோ பாலம் ஒன்றைத் தவிர முழுவதும் டோல் இல்லை. ஏழைப்பட்ட, மக்கள் குறைந்த மலைப்பகுதிக்கு உயிர் கொடுக்கவே இப்படி அமைத்தார்கள். ரோன் சாலை அடைத்துக்கொண்டு கிடக்கும் நாட்களில்கூட இங்கே வண்டி ஓடிக்கொண்டிருக்கும். நாங்கள் போனபோது வெப்பமும் எட்டு டிகிரி குறைவாக இருந்தது.

இரண்டாம் இரவு சேன் ஃப்ளூர். எரிமலைப் பாறை மேல் உட்கார்ந்திருக்கும் பழைய ஊர். மறுநாள் காலை கிளம்பிய சிறிது நேரத்திலேயே கராபி வரும். அங்கே ஓய்விடத்தில் நிறுத்தி இறங்கிப் பாருங்கள். கீழே நதிக்கு மேலே செந்நிற இரும்பு வளைவு, அதன் மேல் ரயில் பாதை. ஈஃபிலின் நிறுவனம் 1884-ல் கட்டி முடித்தது, பாரிஸின் ஈஃபில் கோபுரத்தைக் கட்டுவதற்கு முன்பே. கட்டியபோது ஆற்றிலிருந்து 122 மீட்டர் உயரம். அங்கிருந்து ஒன்றேகால் மணி நேரம் ஓட்டினால் மியோ பாலம். 2004 டிசம்பரில் திறந்தது. உச்சி 343 மீட்டர், நீளம் 2,460 மீட்டர். கட்டடக் கலைஞர் நார்மன் ஃபாஸ்டர் பெயரைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். அதன் அடிப்படை யோசனையைத் தந்த பொறியாளர் மிஷெல் விர்லோஜோ பெயரையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். ஒரே காலைப்பொழுதில் 120 வருட இடைவெளியுள்ள இரண்டு பாலங்கள்! என் மகன் அதற்குப் பிறகு ஒரு வாரம் பாலமாகவே வரைந்து தள்ளினான்.

பாலத்தின் மேல் போனால் ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். அதனால் முந்தைய எக்ஸிட்டில் இறங்கி, பழைய சாலையில் மியோ ஊருக்குள் போங்கள். பாலம் வருவதற்கு முன்பு தெற்கே போகும் கார்கள் எல்லாம் இந்த ஊருக்குள் இறங்கித்தான் ஏற வேண்டும். கோடையில் மணிக்கணக்கில் நிற்குமாம். இப்போது அமைதியான ஊர். தார்ன் நதிக்கரையிலிருந்து அண்ணாந்து பார்க்கும்போதுதான் அந்தத் தூண்களின் உயரம் உறைக்கும். மதியச் சாப்பாட்டையும் அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பன்னிரண்டரைக்குள் மேஜையில் உட்கார்ந்துவிடுங்கள். இரண்டு மணிக்கு மேல் பல இடங்களில் சமையலறையை மூடிவிடுவார்கள்.

"சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு மூன்று நாள் எதற்கு, ஒரே நாளில் முடித்துவிட்டால் கடற்கரையில் இரண்டு நாள் கூடுதலாகக் கிடைக்குமே" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கடற்கரைக்காக மட்டுமே போகிறவர்கள் விமானத்தில் போகலாம், அதில் தவறில்லை. குளிர்காலத்திலும் என் வழியைச் சொல்ல மாட்டேன். ஏ75-ல் பனி விழும். நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை அந்த மலைப்பகுதிகளில் குளிர்கால டயரோ சங்கிலியோ கட்டாயம். அப்போது ரோன் பள்ளத்தாக்குதான் சரி.

சின்னச் சாலைகளில் மட்டுமே போவேன் என்று பிடிவாதம் பிடிப்பதும் எனக்கு உடன்பாடில்லை. பல சாலைகளில் வேக எல்லை மணிக்கு 80 கிலோமீட்டர். நடுவே ஊர்கள், ரவுண்டபௌட்கள். என் அனுபவத்தில் சராசரி 60-ஐத் தாண்டாது. அதோடு நம் காரில் ஸ்டியரிங் வலப்பக்கம். லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் எதிரே வருவது ஓட்டுபவருக்குத் தெரியாது, பக்கத்தில் இருப்பவர்தான் கண்ணாக இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் அப்படி ஓட்டினால் போதும். ஊர்களுக்குள் வலப்பக்கச் சந்திலிருந்து வரும் வண்டிக்கு முன்னுரிமை என்பதையும் மறக்காதீர்கள். மஞ்சள் வைர வடிவப் பலகை இருந்தால் முன்னுரிமை உங்களுக்கு.

திரும்பி வரும்போது மட்டும் ஏ26-ல் வாருங்கள், வாரநாளில். லான் ஊரின் குன்றுத் தேவாலயம் தூரத்திலிருந்தே தெரியும். அதன் கோபுரங்களில் கல் எருதுகள் எட்டிப் பார்க்கின்றன. மலைக்குக் கல் இழுத்த மாடுகளுக்கு மரியாதை என்று சொல்வார்கள். அதன் பிறகு பெத்யூன் பக்கம் விலகி நெவ் ஷப்பெல் போங்கள். முதல் உலகப் போரில், 1915 மார்ச்சில் அங்கே இந்தியப் படைகள் போரிட்டன. 1927-ல் திறந்த நினைவிடத்தில், பிரான்ஸிலும் பெல்ஜியத்திலும் உயிரிழந்து கல்லறைகூட இல்லாத 4,700-க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்கள் வட்டச் சுவரில் இருக்கின்றன. நாங்கள் போனபோது வேறு யாருமில்லை. அம்மா சுவரைத் தொட்டபடி ஒரு சுற்று மெதுவாக நடந்தார், பிள்ளைகள் பின்னாலேயே போனார்கள். அங்கிருந்து கலே ஒரு மணி நேரம்தான். தம்பி, திரும்பும் ரயிலுக்கு மாலை ஆறு மணிக்கு மேல் டிக்கெட் எடு.